ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் கைவைக்கும் முன்: பராமரிப்பும் புதுப்பித்தலும், படிப்படியாக

ஒரு நிரல்மொழியோடு சேர்ந்தே வரும் ஸ்டாண்டர்ட் லைப்ரரியைப் பராமரிக்கும் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். பலரும் நம்பியிருக்கும் பெரிய லைப்ரரி ஒன்றைக் கவனித்துக்கொள்பவர்களுக்கும் இது உதவும்.

சாதாரண லைப்ரரியின் புதிய பதிப்பு ஒத்துவராவிட்டால் பயனர் பழைய பதிப்பிலேயே இருந்துகொள்வார். ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் அந்த வசதி கிடையாது. மொழியின் பாதுகாப்புத் திருத்தம் வேண்டும் என்று புதிய பதிப்புக்கு மாறினால், நீங்கள் மாற்றிய அத்தனையும் கூடவே வந்து சேரும். அவர் கேட்காத மாற்றங்கள் அவை.

புதியவர்கள் பெரும்பாலும் கடைசிப் படியிலிருந்து தொடங்குகிறார்கள். பழசாகத் தெரியும் ஒரு ஃபங்ஷனைக் கண்டதும் நீக்கிவிட்டு, டெஸ்ட் எல்லாம் பச்சையாக இருக்கிறது என்று புல் ரிக்வெஸ்ட் அனுப்புகிறார்கள். வேலை தவறானதல்ல, நேரம்தான் தவறு. நான் பார்த்த சிக்கல்களில் பெரும்பாலானவை வரிசை மாறியதால் வந்தவை.

வரிசையைத் தீர்மானிக்கும் விதி ஒன்றுதான்: நாம் ஆதரிக்கும் மிகப் பழைய பதிப்பிலும், அடுத்து வரப்போகும் பதிப்பிலும், ஒரே நிரல் ஓர் எழுத்தும் மாறாமல் எச்சரிக்கையின்றி ஓடுவதற்கு ஒரு வழி இருக்க வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் இதிலிருந்து வருபவை.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

எழுதிவைத்த ஒத்திசைவுக் கொள்கை. எதை உடைக்க மாட்டோம், எதை எவ்வளவு காலம் முன்னறிவித்து மாற்றுவோம் என்று ஓர் ஆவணம் இருக்க வேண்டும். கோ மொழி 2012-இல் முதல் பதிப்போடு அப்படி ஒரு வாக்குறுதியை வெளியிட்டது. பைத்தானில் அந்த வேலையைப் பெப் 387 (பெப் என்பது பைத்தானின் முன்மொழிவு ஆவணம்) செய்கிறது. ஆவணம் இல்லாவிட்டால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் அதே வாதம் முதலிலிருந்து தொடங்கும். யார் அதிக நேரம் வாதாடுகிறாரோ அவர் சொன்னது நடக்கும்.

ஆதரவில் உள்ள பதிப்புகளின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் ஆதரவு முடியும் தேதியோடு. மேலே சொன்ன விதியைச் சரிபார்க்க இது இல்லாமல் முடியாது.

மற்றவர்கள் எழுதிய நிரல்களை உங்கள் மாற்றத்தோடு கட்டிப் பார்க்க ஒரு வழி. ரஸ்ட் குழு இதற்கென்றே கிரேட்டர் என்ற கருவியை வைத்திருக்கிறது. பொதுவெளியில் உள்ள பேக்கேஜ்களைப் பழைய கம்பைலரிலும் புதிய கம்பைலரிலும் ஓட்டி, எது புதிதாக உடைந்தது என்று அது சொல்லும். அவ்வளவு பெரிய ஏற்பாடு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அதிகம் பயன்படும் நூறு பேக்கேஜ்களை இறக்கி அவற்றின் டெஸ்ட்களை ஓட்டும் ஒரு ஸ்கிரிப்ட் போதும், நிறைய காப்பாற்றும்.

## 1. எது பொது, எது உள்விஷயம் என்று எல்லை போடுங்கள்

முதல் வேலை, லைப்ரரி வெளியே காட்டும் ஒவ்வொரு பெயரையும் ஒரு கோப்பில் பட்டியலிடுவது: ஃபங்ஷன், டைப், மாறிலி, அவற்றின் வடிவம். கோ மொழியின் மூலக் களஞ்சியத்தில் ஏபிஐ என்றே ஓர் அடைவு இருக்கிறது. ஒவ்வொரு பதிப்பிலும் சேர்ந்தவை அங்கே உரைக் கோப்புகளாக இருக்கும். பட்டியலுக்கும் நிரலுக்கும் பொருந்தாவிட்டால் சோதனை தோற்கும்.

இதன் பயன் எளிமையானது. யாரும் தெரியாமல் ஒரு பொதுப் பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ முடியாது. மாற்றம் நடந்தால் பட்டியல் கோப்பும் மாறியாக வேண்டும். ரிவ்யூ செய்பவர் கண்ணில் அது பட்டுவிடும்.

பைத்தான் போன்ற மொழிகளில் ஒரு கூடுதல் கவனம் வேண்டும். ஒரு மாட்யூல் தன் உள்வேலைக்காக இன்னொன்றை இம்போர்ட் செய்தால், அந்தப் பெயரும் வெளியே தெரியும். யாரோ ஒருவர் அதன் வழியாகவே அந்த இன்னொரு மாட்யூலை எடுத்துப் பயன்படுத்திக்கொண்டிருப்பார். தேவையில்லாத இம்போர்ட் என்று நீங்கள் அந்த வரியை அழித்த அன்று அவருடைய நிரல் நிற்கும். கொள்கை ஆவணத்தில் இது பொது அல்ல என்று தெளிவாக எழுதியிருந்தால் குறைந்தபட்சம் விவாதத்துக்கு ஒரு முடிவு உண்டு.

## 2. ஒவ்வொரு மாட்யூலின் நிலையையும் மதிப்பிடுங்கள்

மாட்யூல்களை மூன்றாகப் பிரியுங்கள்: வளர்ந்துகொண்டிருப்பவை, முடிந்துவிட்டவை, செத்துவிட்டவை. இரண்டாவதையும் மூன்றாவதையும் குழப்பிக்கொள்வதுதான் இந்தப் படியில் அடிக்கடி நடக்கும் தவறு.

ஐந்து வருடமாக ஒரு கமிட்டும் இல்லை என்பது மரணச் சான்றிதழ் ஆகாது. வரிசைப்படுத்திய பட்டியலில் இருமத் தேடல் செய்யும் ஒரு மாட்யூல் பல ஆண்டுகள் மாறாமல் இருக்கலாம். செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அதைத் தொடாமல் விடுவதே பராமரிப்பு.

செத்ததைக் கண்டுபிடிக்க நான் மூன்று கேள்விகள் கேட்பேன். அது கையாளும் நெறிமுறையோ கோப்பு வடிவமோ இன்று புழக்கத்தில் இருக்கிறதா? இதில் ஒரு பாதுகாப்புப் பிழை வந்தால் புரிந்து திருத்தக்கூடிய ஆள் குழுவில் இருக்கிறாரா? புதிதாக மொழி கற்கும் ஒருவர் இதைப் பயன்படுத்தினால் நாம் மகிழ்வோமா, வேண்டாம் என்று தடுப்போமா? மூன்றாவது கேள்விதான் பெரும்பாலும் முடிவைச் சொல்லும்.

பைத்தான் இதை முறையாகச் செய்தது. பெப் 594 மூலம் சிஜிஐ, கிரிப்ட், டெல்நெட்லிப் உட்பட 19 மாட்யூல்களைப் பட்டியலிட்டு, 3.11 பதிப்பில் எச்சரிக்கை கொடுத்து, 2024-இல் வந்த 3.13-இல் நீக்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் ஏன் நீக்குகிறோம், பதிலுக்கு எதைப் பயன்படுத்தலாம் என்பது அந்த ஆவணத்திலேயே இருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: நீக்கலாம் என்று முதலில் யோசித்து, பிறகு வைத்துக்கொள்வோம் என்று விட்டவையும் காரணத்தோடு அதில் உண்டு. இதை நீங்களும் எழுதுங்கள். இல்லாவிட்டால் இரண்டு வருடம் கழித்து வேறொருவர் அதே மாட்யூலை நீக்கச் சொல்லி அதே வேலையை மறுபடி தொடங்குவார்.

## 3. தொடும் முன், இப்போதைய நடத்தையை டெஸ்ட்களில் பிடித்து வையுங்கள்

பழைய மாட்யூல்களில் டெஸ்ட்கள் இருக்கும். ஆனால் அவை எழுதியவர் எதை முக்கியம் என்று நினைத்தாரோ அதை மட்டும் சோதிக்கும். பயனர்கள் நம்பியிருப்பது வேறாக இருக்கலாம். காலியான உள்ளீட்டுக்கு என்ன வருகிறது, எந்த வகைப் பிழை எழுகிறது, வரிசை எப்படி, ஒரே மதிப்பு இரண்டு முறை வந்தால் எது முதலில் என்று இன்றைய பதிலையெல்லாம் அப்படியே பதிவு செய்யுங்கள். சரியா தவறா என்ற தீர்ப்பு இப்போது வேண்டாம். பிறகு மாற்றம் செய்யும்போது எதை மாற்றுகிறோம் என்று தெரிந்து மாற்றுவதற்காகத்தான் இது.

ஜாவா 7-இல் (2011) நடந்ததை நான் புதியவர்களுக்குத் தவறாமல் சொல்வேன். பொருள்களை வரிசைப்படுத்தும் முறையை வேகமான டிம்சார்ட்டுக்கு மாற்றினார்கள். ஆவணத்தில் சொன்ன எதுவும் மீறப்படவில்லை. ஆனால் உலகில் ஏராளமான ஒப்பீட்டு ஃபங்ஷன்கள் தவறாக எழுதப்பட்டிருந்தன: அ, ஆ-வைவிடச் சிறியது என்று சொல்லும், திருப்பிக் கேட்டால் ஆ, அ-வைவிடச் சிறியது என்றும் சொல்லும். பழைய முறை அதைக் கண்டுகொள்ளாமல் ஏதோ ஒரு வரிசையைக் கொடுத்துவிடும். புதியது, ஒப்பீட்டு முறை தன் ஒப்பந்தத்தை மீறுகிறது என்று பிழை எறிந்தது. பிழை பயனருடையது, உண்மைதான். ஆனால் நேற்றுவரை ஓடிய நிரல் இன்று நின்றால் அவர் நம்மைத்தான் கேட்பார். அதற்காகவே பழைய முறைக்குத் திரும்ப ஒரு சிஸ்டம் அமைப்பையும் ஜாவா குழு சேர்த்தே வெளியிட்டது. முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள் என்பதற்கு அதுவே அடையாளம்.

வேகமும் நினைவகமும்கூட நடத்தைதான். அதே ஜாவா 7-இன் 6-ஆம் அப்டேட்டில், ஸ்ட்ரிங்கிலிருந்து ஒரு துண்டை வெட்டும் ஃபங்ஷன் மாறியது. முன்பு துண்டு மூல ஸ்ட்ரிங்கின் நினைவகத்தையே பகிர்ந்துகொள்ளும். வேகம்தான், ஆனால் பத்து எழுத்துத் துண்டு ஒன்றுக்காக ஒரு பெரிய கோப்பு முழுவதும் நினைவகத்தில் தங்கிவிடும். மாற்றத்துக்குப் பிறகு துண்டு நகலெடுக்கப்பட்டது. விடை எழுத்துக்கு எழுத்து அதேதான், ஆனால் நீண்ட உரையைத் துண்டு துண்டாக வெட்டிப் படிக்கும் நிரல்களுக்கு வேலை கூடிவிட்டது. ஆகவே முக்கியமான ஃபங்ஷன்களுக்குச் சிறிய, பெரிய உள்ளீடுகளில் நேரத்தையும் நினைவகத்தையும் அளந்து எண்களைச் சேமித்து வையுங்கள்.

இன்னொரு உத்தி, யாரும் நம்பக் கூடாதவற்றை நம்ப முடியாதபடி ஆக்கிவிடுவது. கோ மொழியில் மேப்பை, அதாவது சாவி-மதிப்பு இணைகளின் தொகுப்பை, சுற்றிவரும் வரிசையை வேண்டுமென்றே ஒவ்வொரு முறையும் கலைத்துவிடுகிறார்கள். யாருடைய டெஸ்ட்டாவது அந்த வரிசையை நம்பியிருந்தால் முதல் நாளே தெரிந்துவிடும், நாளைக்கு உள்கட்டமைப்பை மாற்றவும் சுதந்திரம் இருக்கும். ஆனால் இதைப் புதிய அம்சம் வெளிவரும் நாளிலேயே செய்ய வேண்டும். பத்து வருடம் நிலையாக இருந்த வரிசையைத் திடீரென்று கலைத்தால் அது பாடமாக இருக்காது, தாக்குதலாகத்தான் இருக்கும்.

## 4. வெளியே யார், எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பாருங்கள்

பொதுவெளிப் பேக்கேஜ்களில் அந்தப் பெயரைத் தேடுங்கள். எண்ணிக்கையோடு நிறுத்தாமல் இருபது இடங்களையாவது திறந்து படியுங்கள். பாதிப் பேர் ஃபங்ஷனை அது உருவானதற்கு வேறான ஒரு வேலைக்குப் பயன்படுத்துவது அங்கேதான் தெரியும். அந்த வேறு வேலைக்கும் உங்கள் மாற்றுவழியில் இடம் இருக்க வேண்டும்.

தேடலில் வராதவர்கள்தான் அதிகம் என்பதையும் மறக்க வேண்டாம். நிறுவனங்களுக்குள் மூடிய நிரல், ஆய்வுக்கூட ஸ்கிரிப்ட்கள், பாடப்புத்தக எடுத்துக்காட்டுகள் எதுவும் உங்கள் கண்ணில் படாது. தேடலில் பத்து என்றால் பத்து பேர்தான் என்று எழுதாதீர்கள்.

புதிதாகச் சேர்ப்பது எப்போதும் பாதுகாப்பானது என்று நினைப்பவர்கள் உண்டு. நானும் நீண்ட காலம் அப்படித்தான் நினைத்தேன். 2024 ஜூலையில் வந்த ரஸ்ட் 1.80-இல் ஒரு டைப்புக்குக் கூடுதலாக ஒரு ட்ரெய்ட் (ஒரு டைப் எதைச் செய்ய முடியும் என்ற வரையறை) அமலாக்கம் சேர்க்கப்பட்டது, எதுவும் நீக்கப்படவில்லை. ஆனால் அதுவரை ஒரே ஒரு சாத்தியம் இருந்ததால் கம்பைலர் தானாக ஊகித்துக்கொண்ட இடங்களில் இப்போது இரண்டு சாத்தியங்கள் வந்தன. நேரத்தைக் கையாளும், மிகப் பரவலான ஒரு பேக்கேஜின் பழைய பதிப்புகள் கம்பைல் ஆக மறுத்தன. ஜாவாஸ்கிரிப்ட்டில் அடுக்கடுக்கான அரேயைத் தட்டையாக்கும் மெத்தடுக்கு முதலில் ஃபிளாட்டன் என்றுதான் பெயர் முன்மொழிந்தார்கள். மூடூல்ஸ் என்ற பழைய லைப்ரரி அதே பெயரில் வேறொன்றை வைத்திருந்ததால் பழைய தளங்கள் உடையும் என்று 2018-இல் தெரிந்து, பெயரை ஃபிளாட் என்று சுருக்கினார்கள். ஆகவே சேர்ப்பதாக இருந்தாலும் ஒருமுறை வெளி நிரல்களை ஓட்டிப் பாருங்கள்.

## 5. மாற்றுவழியை முதலில் கொண்டுவாருங்கள்

பழையதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதற்கு முன் புதியது வெளியாகியிருக்க வேண்டும், ஆதரவில் உள்ள எல்லாப் பதிப்புகளிலும் கிடைக்க வேண்டும். இதைத் தவறவிட்டால் பேக்கேஜ் எழுதுபவர் மாட்டிக்கொள்வார். பழையதைப் பயன்படுத்தினால் புதிய பதிப்பில் எச்சரிக்கை. புதியதைப் பயன்படுத்தினால் பழைய பதிப்பில் ஓடாது. பதிப்பைச் சோதித்து இரண்டு வழியிலும் பிரியும் நிரலை அவர் எழுத வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான பேக்கேஜ்களில் ஒரே நாலு வரி திரும்பத் திரும்பக் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். நாம் ஒரு வருடம் பொறுத்திருந்தால் அந்த வரிகளுக்கே தேவை இருந்திருக்காது.

மாற்றுவழி எங்கே முதிர வேண்டும்? முடிந்தவரை லைப்ரரிக்கு வெளியே. தனிப் பேக்கேஜாக இருக்கும்போது வாரத்துக்கு ஒருமுறை வடிவத்தை மாற்றலாம். உள்ளே வந்த பிறகு முடியாது. டாம்ல் என்ற அமைப்புக் கோப்பு வடிவத்துக்கான பைத்தானின் படிப்பான் அப்படித்தான் வந்தது. டாம்லி என்ற வெளிப் பேக்கேஜாக முதிர்ந்து, 3.11-இல் உள்ளே சேர்ந்தது, அதுவும் படிப்பதற்கு மட்டும். எழுதும் பகுதியில் ஸ்டைல் பற்றிய முடிவாகாத கேள்விகள் இருந்ததால் அதைச் சேர்க்காமல் விட்டார்கள். தெளிவான பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளும் இந்தத் துணிவு எனக்கு மிகவும் பிடிக்கும்.

வடிவமே தவறு என்றால் பழைய பெயருக்குள் ஒட்டுப்போடாமல் புதிய இடத்தில் கட்டுங்கள். ஜாவாவின் பழைய தேதி வகுப்பைத் திருத்திக்கொண்டே இருக்காமல் 2014-இல் ஜாவா 8-ல் தேதி, நேரத்துக்குத் தனிப் பேக்கேஜ் கொண்டுவந்தார்கள். பழைய வகுப்பு இன்னும் இருக்கிறது. அதிலிருந்து புதியதற்கும் திரும்பவும் போக மாற்றும் மெத்தட்கள் உண்டு. இந்தப் பாலம் அவசியம். பயனர் ஒரே இரவில் முழு நிரலையும் மாற்ற மாட்டார்; பாதி பழையது, பாதி புதியது என்று மாதக்கணக்கில் ஓட்டுவார். கோ மொழியும் 2024-இல் 1.22 பதிப்பில் ரேண்டம் எண் பேக்கேஜுக்கு இரண்டாம் பதிப்பைத் தனிப் பாதையில் வைத்தது. முதலாவது அப்படியே நிற்கிறது.

அப்புறம், மாற்றுவழி உண்மையில் சமமானதா என்று பாருங்கள். பைத்தான் 3.12-இல் யூடிசி நேரத்தைத் தரும் யூடிசிநவ் டெப்ரிகேட் ஆனது, அதாவது இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று குறிக்கப்பட்டது. நவ் ஃபங்ஷனுக்கு யூடிசி மண்டலத்தைக் கொடுத்து அழையுங்கள் என்பது பரிந்துரை. நல்ல பரிந்துரைதான். ஆனால் பழையது நேரமண்டலம் இல்லாத பொருளைத் தரும், புதியது மண்டலத்தோடு தரும். இரண்டையும் கலந்து எது முந்தையது என்று ஒப்பிட்டாலோ கழித்தாலோ டைப் பிழை வரும். சமமா என்று கேட்டால் சத்தமில்லாமல் இல்லை என்று வரும். தேடி மாற்று என்று செய்தவர்களின் நிரல், தரவுத்தளத்திலிருந்து மண்டலமின்றி வந்த பழைய நேரத்தோடு ஒப்பிடும் இடத்தில் விழும். இப்படி வேறுபாடு இருந்தால் ஆவணத்தில் இரண்டு வழிகளையும் எழுதுங்கள்: நடத்தை துளியும் மாறாமல் இருக்க வேண்டுமா, இப்படிச் செய்யுங்கள், சரியான புதிய வழிக்குப் போக வேண்டுமா, இவற்றையெல்லாம் கூடவே மாற்றுங்கள்.

## 6. பழையதைப் புதியதின் மேல் உட்கார வையுங்கள்

புதியது நிலைத்த பிறகு, பழைய ஃபங்ஷனின் உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு அது புதியதை அழைக்கும்படி செய்யுங்கள். கோ 1.16-இல் (2021) ஐஓயூட்டில் பேக்கேஜின் ஃபங்ஷன்கள் ஐஓ, ஓஎஸ் பேக்கேஜ்களுக்கு இடம் மாறின. பழைய பெயர்கள் இன்றும் ஓடுகின்றன, புதியவற்றை அழைக்கும் மெல்லிய உறைகளாக. இரண்டு அமலாக்கங்கள் இருந்தால் பாதுகாப்புத் திருத்தம் ஒன்றில் நடந்து மற்றதில் விட்டுப்போகும். இரண்டின் நடத்தையும் வேறு என்றால் மட்டும் இதைச் செய்யாதீர்கள். பழைய அமலாக்கத்தை அப்படியே உறைய வைத்துவிடுங்கள்.

## 7. எச்சரிக்கையைப் படிப்படியாக உயர்த்துங்கள்

ஆவணத்தில் குறிப்பு, பிறகு எடிட்டரும் லின்ட்டரும் (நிரலை ஓட்டாமலே குறைகளைச் சுட்டும் கருவி) காட்டும் குறி, பிறகு ஓடும்போது வரும் எச்சரிக்கை. ஒவ்வொரு படிக்கும் நடுவே குறைந்தது ஒரு பதிப்பு இடைவெளி விடுங்கள். ஆவணத்தைப் படிப்பவர்கள் முதலில் மாறுவார்கள். அவர்களில் பலர் பேக்கேஜ் எழுதுபவர்கள். அவர்கள் மாறிய பிறகு ஓடும்நேர எச்சரிக்கை வந்தால், அது தன் நிரலைத் திருத்தக்கூடியவருக்கே பெரும்பாலும் தெரியும். தலைகீழாகச் செய்தால் எச்சரிக்கை முழுவதும் வேறு யாரோ எழுதிய பேக்கேஜ்களிலிருந்து வரும். பார்ப்பவரால் ஒன்றும் செய்ய முடியாது, எல்லா எச்சரிக்கையையும் அணைத்துவிடுவார்.

செய்தியில் மூன்று இருக்க வேண்டும்: எந்தப் பதிப்பிலிருந்து வழக்கொழிகிறது, எந்தப் பதிப்பில் நீங்கும், பதிலுக்கு எது. நீங்கும் பதிப்பு முடிவாகாவிட்டால் அதையும் சொல்லுங்கள். ஜாவா 9-லிருந்து டெப்ரிகேட் குறியில் நீக்கத்துக்காக என்று தனியாகச் சொல்ல ஒரு பண்பு வந்தது. பயன்படுத்தாமல் இருப்பது நல்லது என்பதும், இது போகப்போகிறது என்பதும் வேறு வேறு செய்திகள். இரண்டையும் ஒரே குரலில் சொன்னால் இரண்டாவதை யாரும் நம்ப மாட்டார்கள்.

எச்சரிக்கை சுட்டும் வரி பயனருடைய வரியாக இருக்க வேண்டும், லைப்ரரிக்குள் இருக்கும் வரியாக அல்ல. பைத்தானில் ஸ்டாக்லெவல் என்ற அளவுரு இதற்குத்தான். புதியவர்கள் அனுப்பும் மாற்றங்களில் நான் அதிகம் திருத்துவது இந்த ஒரு எண்ணை. நடுவில் ஓர் உறை ஃபங்ஷன் சேர்ந்தால் எண்ணும் மாற வேண்டும். அதைச் சோதிக்க ஒரு டெஸ்ட் எழுதிவிடுங்கள்.

முதலில் நம் வீட்டைச் சுத்தம் செய்யுங்கள். எச்சரிக்கைகளைப் பிழையாகக் கருதும்படி அமைத்து, லைப்ரரியின் எல்லா டெஸ்ட்களையும் ஓட்டுங்கள். நம் சொந்த மாட்யூல் ஒன்றே பழையதை அழைத்துக்கொண்டிருந்தால் அந்த எச்சரிக்கை உலகத்தில் எல்லோருக்கும் வரும்.

எச்சரிக்கை கொடுத்தோம் என்பதற்காக அது போய்ச் சேர்ந்தது என்று நினைக்காதீர்கள். பைத்தானில் டெப்ரிகேஷன் எச்சரிக்கைகள் 2.7, 3.2 பதிப்புகளிலிருந்து இயல்பாக மறைக்கப்பட்டன. 3.7-இல்தான் நேரடியாக ஓட்டும் முதன்மை ஸ்கிரிப்டில் மட்டும் மீண்டும் காட்டத் தொடங்கினார்கள். மேப்பிங் போன்ற அப்ஸ்ட்ராக்ட் வகுப்புகளின் பயணத்தைப் பாருங்கள். 2012-இல் 3.3 பதிப்பில் அவை கலெக்ஷன்ஸுக்குள் ஏபிசி என்ற துணை மாட்யூலுக்கு இடம் மாறின. பழைய வழியில் எடுத்தால் எச்சரிக்கை வரத் தொடங்கியது 3.7-இல். 3.9-இல் நீக்குவதாக இருந்து இன்னொரு பதிப்பு தள்ளிவைத்து, 2021-இல் 3.10-இல் நீக்கினார்கள். ஒன்பது வருடம். அப்படியும் 3.10 வந்தபோது பல பேக்கேஜ்கள் உடைந்தன. காலம் நீண்டது என்பதாலேயே எல்லோரும் மாறியிருக்க மாட்டார்கள், கண்ணில் பட்டவர்கள்தான் மாறியிருப்பார்கள்.

## 8. பெயர் மாறாமல் நடத்தை மட்டும் மாறினால் ஒரு ஸ்விட்ச் வையுங்கள்

இது தனி வகை. ஃபங்ஷன் அங்கேயே இருக்கும், இயல்பு நிலை மட்டும் மாறும். டெப்ரிகேட் செய்ய எதுவும் இல்லை. பயனர் எழுத வேண்டிய புதிய வரியும் இல்லை.

கோ 1.20-இல் ரேண்டம் எண்கள் ஒவ்வொரு ஓட்டத்திலும் தானாகவே வேறாகும்படி மாறின. அதுவரை விதையை (வரிசையைத் தொடங்கிவைக்கும் எண்ணை) கொடுக்காவிட்டால் ஒவ்வொரு முறையும் அதே வரிசைதான் வரும். அதை நம்பியிருந்தவர்களுக்காக கோடீபக் என்ற சூழல் மாறியில் பழைய நடத்தைக்கான அமைப்பு இருந்தது. 1.21-லிருந்து இதை ஒழுங்குபடுத்தி, புரோகிராம் தன் மாட்யூல் கோப்பில் எந்தப் பதிப்பைக் குறிப்பிடுகிறதோ அந்தப் பதிப்பின் இயல்புகளையே பெறும்படி செய்தார்கள். இப்படிப்பட்ட ஸ்விட்ச்கள் குறைந்தது இரண்டு வருடம் இருக்கும் என்றும் உறுதி கொடுத்தார்கள். ஜாவா 18-இல் இயல்பு எழுத்துக்குறியாக்கம் எல்லா இயங்குதளங்களிலும் யூடிஎஃப்-8 ஆனபோதும் பழைய நடத்தைக்குப் போக ஓர் அமைப்பு வைத்தார்கள்.

ஸ்விட்சுக்கு முடிவுத் தேதி அவசியம். இல்லாவிட்டால் இரண்டு நடத்தைகளையும் என்றென்றும் சோதிக்க வேண்டியிருக்கும். பத்து ஸ்விட்ச் சேர்ந்தால் எந்தச் சேர்க்கை சோதிக்கப்பட்டது என்று யாராலும் சொல்ல முடியாது.

## 9. மாற்றித் தரும் கருவி

திருத்தம் இயந்திரத்தனமானது என்றால் அதை இயந்திரமே செய்யட்டும். ஜாவாவில் ஜேடெப்ர்ஸ்கேன் டெப்ரிகேட் ஆனவற்றின் பயன்பாட்டைத் தேடிப் பட்டியலிடும். கார்கோ ஃபிக்ஸ் ரஸ்ட் நிரலைத் தானாகவே திருத்தும். ரஸ்ட் கம்பைலர் ஒவ்வொரு பரிந்துரையையும் இயந்திரம் நம்பிச் செய்யலாமா, மனிதர் பார்க்க வேண்டுமா என்று தரம் பிரிக்கிறது. அந்தப் பிரிவினை இல்லாத கருவியை வெளியிடாதீர்கள். நூற்றில் இரண்டு இடத்தைத் தவறாக மாற்றும் கருவியை ஒருமுறை ஓட்டியவர் அடுத்த முறை தொட மாட்டார். சந்தேகமான இடத்தை மாற்றாமல் குறித்து மட்டும் காட்டுவது போதும்.

## 10. நீக்கம்

நீக்குவதை வெளியீட்டுச் சுழற்சியின் தொடக்கத்திலேயே செய்யுங்கள், முதல் ஆல்ஃபாவுக்கு முன். அப்போதுதான் ஆல்ஃபாவையும் பீட்டாவையும் சோதிப்பவர்களுக்குப் பல மாதங்கள் கிடைக்கும். பீட்டாவில் நீக்குவது, யாரும் பார்க்காத நேரத்தில் கதவைச் சாத்துவது போல.

நீக்கும் மாற்றம் தனி கமிட்டாக இருக்கட்டும், வேறெந்தச் சீரமைப்பும் அதில் கலக்க வேண்டாம். ஏனென்றால் அதைத் திருப்பிப்போட வேண்டி வரலாம். நான் செய்த ஒரு நீக்கத்தில் ஆவணத் திருத்தம், உள் ஃபங்ஷன் பெயர்மாற்றம் எல்லாவற்றையும் ஒரே கமிட்டில் போட்டிருந்தேன். பீட்டாவில் உடைவுகள் தெரிந்து பழையதைத் திரும்பக் கொண்டுவர வேண்டி வந்தபோது, ஐந்து நிமிட வேலை இரண்டு நாள் ஆனது. திரும்பக் கொண்டுவருவது தோல்வி அல்ல. எச்சரிக்கை போய்ச் சேரவில்லை என்று தெரிந்தது. இன்னொரு பதிப்புக்குத் தள்ளிவைத்தோம்.

எல்லாவற்றையும் நீக்கியே ஆக வேண்டும் என்பதும் இல்லை. கோ மொழி டெப்ரிகேட் ஆனவற்றையும் வைத்திருக்கிறது. ஜாவாவில் த்ரெட்டை வலுக்கட்டாயமாக நிறுத்தும் ஸ்டாப் மெத்தட் 1998-இல் 1.2 பதிப்பில் டெப்ரிகேட் ஆனது. 2023-இல் ஜாவா 20-இல்தான் அழைத்தால் பிழை எறியும்படி ஆனது. பெயர் அங்கேயே இருந்ததால் பழைய நிரல்கள் கம்பைல் ஆகின. ரூபி வேறு வழியில் போகிறது: பேஸ்64, சிஎஸ்வி போன்றவற்றை 3.4-இல் பண்டில்டு ஜெம்களாக மாற்றியது. மொழியோடு கூடவே நிறுவப்படும், ஆனால் பண்ட்லர் என்ற பேக்கேஜ் மேலாண்மைக் கருவியைப் பயன்படுத்துபவர்கள் தங்கள் ஜெம் கோப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும். 3.3 பதிப்பே இதை முன்கூட்டி எச்சரித்தது. வைத்திருக்கும் செலவு குறைவு, பாதுகாப்பு ஆபத்து இல்லை என்றால் நான் நீக்கத்துக்கு வாக்களிக்க மாட்டேன். உள்ளீட்டின் நீளத்தைப் பார்க்காமல் ஒரு வரியைப் படிக்கும் சி மொழியின் கெட்ஸ் ஃபங்ஷன் போல, எப்படிப் பயன்படுத்தினாலும் ஆபத்து என்றால் தயக்கமே வேண்டாம். அதை சி11 தரம் அடியோடு எடுத்துவிட்டது.

நீக்கிய பெயரை வேறு பொருளில் மறுபடி பயன்படுத்தாதீர்கள். பழைய பாடங்களைப் பார்த்து எழுதுபவருக்குப் பிழைச் செய்தி வந்தால் தேடிக் கண்டுபிடிப்பார். வேறொரு விடை வந்தால் அவருக்குத் தெரியவே தெரியாது.

## 11. ஒவ்வொரு வெளியீட்டிலும் செய்ய வேண்டிய வழக்கமான வேலை

யூனிகோட் அட்டவணைகள், நேரமண்டலத் தரவு, உள்ளே சேர்த்து அனுப்பும் சுருக்க லைப்ரரியும் எக்ஸ்எம்எல் படிப்பானும்: இவற்றின் மேல்நிலைப் பதிப்பு எது, நம்மிடம் இருப்பது எது என்று ஒரு கோப்பில் வையுங்கள். யூனிகோட் அட்டவணை புதிதானால் எழுத்துவகை கேட்கும் ஃபங்ஷன்களின் விடையும் மாறும். வெளியீட்டுக் குறிப்பில் அதைத் தவறாமல் எழுதுங்கள்.

பிறகு டெப்ரிகேட் பட்டியலை எடுத்து ஒவ்வொரு வரியாகப் போங்கள். நீக்குவதாகச் சொன்ன பதிப்பு இதுதானா? ஆம் என்றால் 4-ஆம் படியின் தேடலை மீண்டும் ஓட்டி, நீக்குவதா தள்ளிவைப்பதா என்று முடிவெடுத்து, முடிவையும் தேதியையும் அந்த வரியிலேயே எழுதுங்கள். தள்ளிவைத்தால் எச்சரிக்கைச் செய்தியில் இருக்கும் பதிப்பு எண்ணையும் அன்றே மாற்றுங்கள்.